ஏயு புள்ள: குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தல் பற்றிச் சில குறிப்புகள்

1

நாடகம் எப்போது தொடங்குகிறது? சபா நாடகக்காரர்களைக் கேட்டால் மணியடித்துத் திரை விலகும்போது என்பார்கள். கூத்துக்காரர்கள் களரி கட்டும்போது என்பார்கள். நவீன நாடகக்காரர்கள் ஒத்திகையிலேயே தொடங்கிவிடுகிறது என்பார்கள். எனக்கென்னவோ அதற்கும் முன்னால், யார் நடிக்கலாம், யார் பார்க்க மட்டும் வரலாம் என்று நாலு பேர் பெஞ்சியில் உட்கார்ந்து முடிவு செய்கிற இடத்திலேயே நாடகம் தொடங்கிவிடுவதாகப் படுகிறது. பல சமயம் அங்கேயே முடிந்தும் போகிறது. மேடையில் நாம் பார்ப்பது அந்த முடிவின் அலங்கரிக்கப்பட்ட பிரதி மட்டுமே.

பிரதியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இயக்குநரின் அதிகாரம், அரங்கவெளி, பார்வையாளரின் பங்கேற்பு பற்றியெல்லாம் சண்டை போட்டிருக்கிறோம். தேர்வைப் பற்றிப் பேசியது குறைவு. அதுவும் நடிக்க வருபவர்கள் குழந்தைகள் என்றால் பேச்சே கிடையாது. 'சின்னப் புள்ளைங்கதானே, ஆசையா வந்திருக்குங்க, நல்லாப் பண்றதை எடுத்துக்குவோம்' என்பதோடு முடிந்துவிடும். 'நல்லா' என்கிற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை. வெளியில் நின்று யாரையும் குற்றம் சாட்டும் உத்தேசம் எனக்கில்லை. அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

2

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், வில்லியனூருக்கும் மதகடிப்பட்டுக்கும் இடையில் இருக்கிறது திருவாண்டார்கோயில். மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த ஊர். இங்குள்ள பஞ்சநதீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. சம்பந்தரின் பதிகத்தில் இந்த இடத்துக்குப் பேர் வடுகூர். வடுக பைரவர் முண்டாசுரனைக் கொன்ற பழி தீர இங்கு வந்து வழிபட்டார் என்பது தலபுராணம். வடுகன் என்பதற்குப் பையன் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆக, ஒரு பையன் பேரில் அமைந்த ஊர். அதைப் பாடியவரும் ஞானப்பால் குடித்த ஒரு பிள்ளை. கோயிலைச் சுற்றிப் பிள்ளைகளின் பெருமைக்குக் குறைவில்லை. எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதுதான் கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில், அந்தப் பக்கத்து நண்பர்கள் சிலர் ஊர்ப் பிள்ளைகளை வைத்து ஒரு நாட்டுப்புறக் கதையை நாடகமாகப் போட ஏற்பாடு செய்தார்கள். கதை நல்லதங்காள். தேர்ந்தெடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கதை எல்லோருக்கும் தெரியும். பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் அவமானப்படுத்துகிறாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். மூத்தவன் மட்டும் தப்பித்து ஓடப் பார்க்கிறான். பெரிய எழுத்துப் புத்தகமாக விற்று, ஒப்பாரியாகப் பாடி, கூத்தாக ஆடி நம்மூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அழுது தீர்த்த கதை.

காலையில் கொட்டகைக்கு வெளியே நாற்பது பிள்ளைகளுக்கு மேல் நின்றார்கள். எங்கள் கையில் ஒரு தாள். குரல், உச்சரிப்பு, முகபாவம், நினைவாற்றல் என்று நான்கு கட்டம், ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மார்க். அந்தத் தாளைத் தயாரித்ததில் எனக்கும் பங்குண்டு. விஞ்ஞானபூர்வமாக, பாரபட்சம் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் செய்தோம்.

முதல் கேள்வி, 'உன் பேரு இன்னாப்பா?' இரண்டாவது கேள்வி, 'எந்தத் தெரு?' இரண்டாவது கேள்வி தாளில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அது கேட்கப்பட்டது. கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. நம்மூரில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் கேட்கிற கேள்விதானே அது? அப்படி இயல்பாகிப் போனதுதான் அதன் பலம்.

அப்புறம் ஒரு வசனம் சொல்லச் சொன்னோம். 'ஏழு பிள்ளைகளும் பசியால் அழுகிறோம் அம்மா.' பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 'ஏயு புள்ளைங்களும் பசியால அயுவுறோம்மா' என்றார்கள். புதுச்சேரி, விழுப்புரம், சென்னைப் பக்கமெல்லாம் ழகரம் யகரமாக ஒலிப்பது புதிதல்ல. வாயப்பயம் விற்கிற வாய்க்கு அதுதான் இயல்பு. எங்கள் பெஞ்சியிலோ ஒவ்வொரு 'ஏயு'வுக்கும் பென்சில் குறைத்துக்கொண்டே போனது. யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையை இவ்வளவு காலம் உயிரோடு வைத்திருந்த வாய்கள் 'ஏயு' என்று சொன்ன வாய்கள்தாம். ஒப்பாரி வைத்த கிழவிகள் யாரும் ழகரப் பயிற்சி எடுத்துக்கொண்டு அழவில்லை. நாட்டுப்புறக் கதை வேண்டும், நாட்டுப்புற நாக்கு வேண்டாம் என்பதுதான் எங்கள் தேர்வின் முதல் தீர்ப்பு.

3

இரண்டாவது தீர்ப்பு இன்னும் நுட்பமானது. மதியத்துக்கு மேல் பட்டியல் சுருங்கியபோது எங்களில் ஒருவர் சொன்னார்: 'ஏழு புள்ளையும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கன்னு ஜனங்க நம்பணுமில்ல தோழர்? ஒரே சாயலா இருந்தாத்தான நல்லாருக்கும்?'

நியாயமாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன். சாயல் என்றால் நிறம். நிறம் என்றால் எண்ணெய் வைத்துச் சீவிய தலை, வெளுத்த சட்டை, தயங்காமல் பெஞ்சிக்கு முன்னால் வந்து நிற்கிற உடல். ஒவ்வொரு படியாக வடிகட்டி வடிகட்டிப் பொழுது சாய்கையில் ஏழு பேர் தேறினார்கள். தாளை எடுத்துப் பார்த்தால் ஏழு பேரும் பக்கத்துப் பக்கத்து இரண்டு தெருக்காரர்கள். காலனியிலிருந்து வந்த பிள்ளைகளில் ஒருத்தரும் இல்லை. 'கூட்டத்துல நிக்க வெச்சுக்கலாம், பஞ்சத்துல சாவற ஜனங்களா' என்று முடிவாயிற்று. யாரும் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டிய தேவையே இல்லாமல் சாதி தன் வேலையைச் செய்துகொண்டது. 'ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்' என்கிற அழகியல் நிபந்தனை 'ஒரே தெருப் பிள்ளைகள்' என்கிற சமூக நிபந்தனையாக மாறியபோது அதைக் கவனிக்க எங்களுக்குக் கண் இல்லை.

இந்தச் சாயல் என்கிற கோரிக்கை எங்கிருந்து வந்தது? கூத்திலிருந்து வந்திருக்க முடியாது. இந்தப் பகுதியில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் விடியவிடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நம் ஜனங்கள். மீசை மழித்த தடம் தெரிகிற நடுவயது ஆணைப் பாஞ்சாலியாக ஏற்றுக்கொண்டு அவள் சபதத்துக்குக் கண்ணீர் விட்டவர்கள். ஐந்து பாண்டவர்களும் ஐந்து நிறத்தில், ஐந்து உயரத்தில் இருப்பார்கள். ஒரு வயிற்றுப் பிள்ளைகளா என்று யாரும் கேட்டதில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் அடவும் பாட்டும் சேர்ந்தால் அவர் அர்ச்சுனன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பார்வையாளர் ஒரு கறுத்த பிள்ளையை வெளுத்த பிள்ளைக்கு அண்ணன் என்று நம்பமாட்டார் எனப் பயந்தது யார்? நாங்கள்தான். சினிமாவும் தொலைக்காட்சியும் பழக்கிய யதார்த்தவாதத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜனங்களின் பேரில் அதை ஜனங்கள் மீதே சுமத்தினோம்.

ஃபூக்கோ 1975இல் வெளிவந்த 'கண்காணிப்பும் தண்டனையும்' நூலில் தேர்வு என்கிற சடங்கைப் பற்றிப் பேசுகிறார். பார்க்கிற கண்ணும் தரம் பிரிக்கிற தீர்ப்பும் ஒன்று சேரும் இடம் அது. தேர்வு ஒவ்வொரு ஆளையும் எழுதிவைக்கத்தக்க ஒரு 'கேஸ்' ஆக்குகிறது. அவர் பேசியது பள்ளிக்கூடம், மருத்துவமனை, படைமுகாம் பற்றி. நம் மாற்று அரங்கின் பெஞ்சியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வித்தியாசம். நம் ஊர்த் தாளில் அச்சிடாத ஐந்தாவது கட்டம் ஒன்று எப்போதும் உண்டு.

4

'அந்தக் காலத்தில் இதெல்லாம் கிடையாது' என்று சிலர் மரபைத் தூக்கிப் பிடிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். தமிழ் நாடக வரலாற்றில் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தல் ஒரு பெரிய தொழிலாகவே நடந்திருக்கிறது. பாய்ஸ் கம்பெனிகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். அவர் 1922இல் காலமானது புதுச்சேரியில். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. ஒவ்வொரு நினைவுநாளுக்கும் மாலை போட்டுவிட்டு வருகிற நாம், அவருடைய சபாவில் நடித்தவர்கள் குழந்தைகள் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. டி.கே. சண்முகம் சேரும்போது அவருக்கு வயது ஆறு. அவருக்காகவே 'அபிமன்யு சுந்தரி'யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார்.

பெரியவர்கள் கட்டுப்படாதபோது சிறுவர்கள் கட்டுப்படுவார்கள் என்பது பாய்ஸ் கம்பெனியின் தர்க்கம். குரல், ஞாபகசக்தி, அடங்கி நடத்தல் ஆகிய மூன்றும்தான் தேர்வு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றைய ராஜபார்ட் இன்று மூலையில். ஏன் அவ்வளவு பிள்ளைகள் வந்தார்கள்? பசி. எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணன் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனது வீட்டு வறுமையால். சிவாஜி கணேசன் நாடகக் கம்பெனியில் சேர்வதற்காகத் தான் ஓர் அநாதை என்று பொய் சொன்னதாக அவரே பதிவு செய்திருக்கிறார். தமிழின் மிகப் பெரிய நடிகர் ஒருவர் நடித்த முதல் வேஷம் அதுதான். எனக்கு யாருமில்லை என்று சொல்கிற பிள்ளைக்குத்தான் கம்பெனியின் கதவு சுலபமாகத் திறக்கும் என்பது ஒரு சின்னப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு நம் மேடை கொடுத்த வேஷங்களையும் பாருங்கள். பாம்பு கடித்துச் சாகிற லோகிதாசன். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அறுத்துச் சமைக்கிற சீராளன். சக்கரவியூகத்தில் சாகிற அபிமன்யு. கிணற்றில் விழுகிற ஏழு பேர். பெரியவர்களின் சத்தியம், பக்தி, மானம், கற்பு ஆகிய மகத்தான விழுமியங்களை நிரூபிக்கச் சாகவேண்டிய உடலாகவே குழந்தை நம் கதையாடல்களில் பெரும்பாலும் நுழைகிறது. கடைசியில் சிவனும் பார்வதியும் வந்து உயிர் கொடுப்பார்கள், சரி. சாகும்போது பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்', பலிக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது என்கிற கேள்வியைத் தலித் நோக்கிலிருந்து நம் முகத்தில் அறைந்தாற்போலக் கேட்டது. குழந்தை வேஷங்களைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கவேண்டியிருக்கிறது.

கூத்தில் தேர்வு கிடையாதே என்றால் அதுவும் முழு உண்மையல்ல. அங்கே பையன் தாளத்தைத் தட்டிக்கொண்டு பின்பாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி சுமந்து, முகம் எழுதுவதைப் பார்த்து வளர்ந்து, ஒருநாள் வேஷம் கட்டுகிறான். பெஞ்சி இல்லை, தாள் இல்லை. ஆனால் யார் வீட்டுப் பையன் அந்தப் பெட்டியைத் தொடலாம் என்பது பிறக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. பெண் பிள்ளைக்கு வாசலே கிடையாது. பிறப்பே அங்கு தேர்வு. மரபை விட்டு வந்த நாம் பிறப்பின் இடத்தில் மார்க்கை வைத்தோம். மார்க்கின் வழியாகப் பிறப்பு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

5

ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒன்பது பத்து வயதிருக்கும். காலனியிலிருந்து வந்தவன். வசனத்தில் 'ஏயு' என்றான், மார்க் போயிற்று. அடுத்து மூத்த பிள்ளை தப்பித்து ஓடுகிற கட்டத்தை நடித்துக் காட்டச் சொன்னோம். மற்ற பிள்ளைகள் இரண்டு எட்டு ஓடிவிட்டு, திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்து நின்றார்கள். இவன் அப்படி நிற்கவில்லை. அம்மாவாக நின்ற பெண்ணின் கையை உதறினான், ஒரு தடவை கிணற்றைப் பார்த்தான் (கிணறு என்பது சுண்ணாம்பால் போட்ட ஒரு வட்டம்), ஓடினான். கொட்டகை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் திரும்பி வரவில்லை. அவன் பேருக்கு நேராக நான் எழுதினேன்: 'ஒழுங்கு இல்லை.'

இரண்டு நாள் கழித்துச் சாலையோரம் டீக்கடைப் பக்கம் அவனைப் பார்த்தேன். 'ஏண்டா தம்பி ஓடிப்போயிட்ட?' என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். 'நீங்கதான சார் ஓடச் சொன்னீங்க? நில்லுன்னு யாரும் சொல்லலியே.'

வால்டர் பெஞ்சமின் 1920களின் இறுதியில் பாட்டாளிவர்க்கக் குழந்தைகள் அரங்கு பற்றி ஒரு சிறிய திட்டம் எழுதினார். அவர் உயிரோடிருந்தவரை அது அச்சாகவில்லை. லாட்வியாவைச் சேர்ந்த ஆஸ்யா லாட்சிஸின் அனுபவத்தை வைத்து எழுதியது அது. 1918இல் ரஷ்யாவின் ஒர்யோல் நகரத்தில், போரில் பெற்றோரை இழந்து தெருவில் திருடித் திரிந்த பிள்ளைகளோடு லாட்சிஸ் வேலை செய்தார். நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற பிள்ளைகளை அவர் தேடவில்லை. பார்ப்பது, கேட்பது, கையால் செய்வது, கூடிக் கற்பனை செய்வது என்று தொடங்கினார். மெயர்ஹோல்ட் ஆஸ்கார் வைல்டின் கதையிலிருந்து எழுதிய 'அலினூர்' பிரதியின் காட்சிகளை, நாடகம் என்று சொல்லாமலேயே பிள்ளைகளிடம் விட்டார். திருடர் காட்சியைப் பிள்ளைகள் செய்துகொண்டிருந்தபோது தெருப் பிள்ளைகள் உள்ளே நுழைந்து, திருடர் என்றால் எப்படி இருப்பார்கள் என்று செய்து காட்டினார்கள் என்கிறார் லாட்சிஸ். வெளியே நின்றவர்கள் அப்படித்தான் உள்ளே வந்தார்கள்.

குழந்தையின் அங்க அசைவு பெரியவர்களின் கட்டளையை நிறைவேற்றுவதற்கானது அல்ல, வரப்போகும் ஒன்றிலிருந்து வருகிற ரகசிய சமிக்ஞை என்பது பெஞ்சமினின் கருத்து. இதைப் படித்து, அடிக்கோடு போட்டு, கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். அந்தச் சமிக்ஞை என் முன்னாலேயே கையை உதறிவிட்டு ஓடியபோது 'ஒழுங்கு இல்லை' என்று எழுதியவனும் நான்தான். படிப்புக்கும் பென்சிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்கள்.

நல்லதங்காள் கதையைக் கேட்டு எத்தனையோ பேர் அழுதிருக்கலாம். அந்த ஓட்டம் ஓடியவர் எத்தனை பேர்? மற்ற பிள்ளைகள் ஓடுவதுபோல் நடித்தார்கள், எங்கள் முகத்தில் தங்கள் மார்க்கைத் தேடினார்கள். அவன் தப்பித்தான். அம்மாவின் மானத்துக்காகச் சாகமாட்டேன் என்று கதைக்குள்ளிருந்தே கதைக்கு ஒரு மறுப்பு சொன்னான். நாட்டுப்புறக் கதையை மறுவாசிப்பு செய்வது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதை அவன் இரண்டு காலால் செய்தான்.

6

சரி, என்ன செய்யலாம் என்கிறாய், நாற்பது பேரையும் மேடையில் ஏற்ற முடியுமா என்று கேட்கலாம். ஏன் முடியாது? நல்லதங்காளுக்கு ஏழு பிள்ளை என்பது கதையின் கணக்கு. ஒவ்வொரு காட்சிக்கும் வேறு வேறு ஏழு பேர் வந்தால் யார் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள்? பாஞ்சாலியை ஏற்றவர்கள் இதையும் ஏற்பார்கள். புதுச்சேரியிலேயே வேலு சரவணனின் ஆழி குழந்தைகள் நாடகக் குழுவின் 'கடல் பூதம்' பார்த்திருக்கிறேன். அதில் மேடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக் கூட்டம் முழுக்கக் கத்தி, பதில் சொல்லி, கோமாளியை வம்புக்கிழுத்து, நாடகத்துக்குள் வந்துவிடுகிறது. உள்ளே வர மார்க் வாங்கவேண்டியதில்லை. எந்தத் தெரு என்று பூதம் கேட்பதில்லை. அந்த வாசல் திறந்திருக்கிறது. அதை மேடைவரைக்கும் நீட்டுவது நம் வேலை.

2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், கலைஞர்களாக வேலை செய்யும் குழந்தைகளுக்கு விலக்களித்தது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது மாதிரியான விதிகள் அடுத்த ஆண்டே வந்தன. நேரத்தை எண்ணச் சட்டம் போதும். பெஞ்சிக்கு முன்னால் நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு பிள்ளை தன் நாக்கு, தன் தெரு, தன் தோல் எல்லாவற்றையும் பற்றி என்ன கற்றுக்கொண்டு போகிறது என்பதை எண்ண எந்தச் சட்டமும் இல்லை. அது நம் அரசியலின் வேலை. தொலைக்காட்சிப் போட்டி செய்வதை நாமும் செய்வதென்றால் மாற்று அரங்கு என்ற பெயர் எதற்கு?

நாடகம் நடந்தது. கூட்டம் நல்ல கூட்டம். ஏழு பிள்ளைகளும் ழகரம் பிசகாமல் அழுதார்கள். மூத்தவனாக நடித்த பையன் மூன்று எட்டு ஓடி, திரும்பி நின்று, பிடிபட்டான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பஞ்சத்தில் சாகிற ஜனங்களாகக் காலனிப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஓரத்தில் படுத்துக் கிடந்தார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டபடியே அசையாமல் கிடந்தார்கள். அவன் அதில் இல்லை.

தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவன் பேருக்கு நேராக எழுதியதை அழிக்கலாம், பென்சில்தான். அழிக்கவில்லை. அடுத்த முறை பெஞ்சியில் உட்காரக் கூப்பிட்டால், அதை எடுத்துக்கொண்டு போய் முதலில் மற்ற மூன்று பேரிடமும் படித்துக் காட்டுவதாக இருக்கிறேன். அதற்குப் பிறகும் பெஞ்சி வேண்டுமா என்பதைப் பேசி முடிவு செய்யலாம்.